ஃபெண்டரா கிப்சனா: திருகும் பசையும்

கேள்வி, பிப்ரவரி 3, காலை

மின்கிட்டார் செய்வதில், கிப்சன் நிறுவனம் நெக்கை (கம்பியை அழுத்தும் கழுத்துப் பகுதியை) உடம்போடு பசை போட்டு ஒட்டுகிறது. ஃபெண்டர் நான்கு திருகைப் போட்டு முறுக்கிவிடுகிறது. ஒட்டினால்தான் அதிர்வு கட்டைக்குள் இறங்கும், ஒலி நீண்டு நிற்கும். அந்தக் கணக்கில் கிப்சன் கைவினை, ஃபெண்டர் தொழிற்சாலைச் சரக்கு. கிரெட்ச், ரிக்கன்பேக்கர் கிட்டார்கள் பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். யாராவது மறுக்க முடியுமா?

பிப்ரவரி 3, இரவு

மறுக்கலாம். முதலில் அந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938இல் கடை போட்டார். பழுதாகி வரும் பொருளை எப்படிப் பிரிப்பது என்ற இடத்திலிருந்துதான் அவர் யோசனையே தொடங்கும். 1950இல் வந்த எஸ்குயர், பிராட்காஸ்டர் கிட்டார்கள் அப்படிப் பிறந்தவை. நெக் வளைந்துவிட்டதா? நான்கு திருகைக் கழற்றி வேறு நெக் மாட்டலாம். கன்ட்ரோல் பிளேட்டுக்கு இரண்டே திருகு. தூக்கினால் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்தடைக் குமிழ்), சுவிட்ச், கபாசிட்டர் மூன்றும் கையில் வந்துவிடும். செலவு குறைந்தது உண்மை. ஆனால் செலவு குறைய வேண்டும் என்று தரத்தை விட்டுக்கொடுத்த வடிவம் அது இல்லை.

கிப்சன் வந்த வழி வேறு. ஆர்வில் கிப்சன் மாண்டலினும் ஆர்ச்டாப் (மேற்பலகை வளைந்த) கிட்டாரும் செதுக்கியவர். நிறுவனம் 1902இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் தொடங்கியது. 1952இல் லெஸ் பால் என்ற மாடல் வந்தபோது வளைந்த மேற்பலகை செதுக்கும் இயந்திரமும், நெக் ஒட்டத் தெரிந்த ஆட்களும் அந்த ஆலையில் பல ஆண்டுகளாக இருந்தார்கள். கையில் இருந்த தொழிலைச் சாலிட்பாடிக்கும் (உள்ளே குடைவில்லாத முழு மர உடம்புக்கும்) கொண்டுவந்தார்கள்.

இனி ஒலி நீளும் கதை. திருகோ பசையோ, மரமும் மரமும் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன என்பதே முக்கியம். லெஸ் பாலில் ஒலி நீள்வதற்குக் கனமான மகாகனி உடம்பு, உடம்பில் ஊன்றிய நிலையான பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாலம்), காந்த இழுப்புக் குறைந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) எல்லாம் பங்கு வகிக்கின்றன. ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) மாடலின் மூன்று பிக்கப்பிலும் கம்பிக்கு நேர் கீழே ஆல்னிகோ 5 காந்தத் தண்டுகள் நிற்கின்றன. அவற்றை ரொம்ப உயர்த்தினால் காந்தமே கம்பியைப் பிடித்து அதிர்வை அமுக்கும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டுக்கு) மேல் தடித்த கம்பியில் இரண்டு சுருதி சேர்ந்து கேட்கும். பலர் இதைத் "திருகு நெக் கோளாறு" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரிபார்க்க: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். பழைய பாணி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட நெருங்கியிருந்தால் இறக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

பிப்ரவரி 4

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் திருகு நெக்கில் நிஜமாகவே ஒலி செத்துப்போகிற ஒரு காரணம் உண்டு. உடம்பில் இருக்கும் நான்கு துளைகளிலும் திருகு தானாக வழுக்கி இறங்க வேண்டும். மரை நெக்கில் மட்டுமே பிடிக்க வேண்டும். உடம்பிலும் மரை பிடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி நின்றுவிடும். வெளியே இறுக்கமாகத்தான் தெரியும். நெக்கைக் கழற்றி, திருகை உடம்புத் துளையில் விரலால் தள்ளிப் பாருங்கள். போகவில்லை என்றால் உடம்புத் துளையை மட்டும் திருகின் வெளி விட்டத்துக்குச் சற்றே அகலப்படுத்துங்கள். நெக் துளையைத் தொடவே கூடாது.

திரும்ப மாட்டும்போது: கம்பிகளைப் பாதி இழுவையில் வைத்து நான்கு திருகையும் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு சின்னச் சத்தம் கேட்டதும் முறுக்குங்கள். கம்பியின் இழுவையே நெக்கைப் பள்ளத்தின் முடிவுவரை இழுத்து உட்கார வைக்கும்.

பிப்ரவரி 4, இரவு

ஸ்கேல் நீளத்தை (அதிரும் கம்பியின் நீளத்தை) யாரும் எடுக்கவில்லை. இரண்டு நிறுவனங்களையும் கையில் பிரித்துக் காட்டுவது அதுதான். ஃபெண்டர் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் 24.75. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 24.75ஐ 25.5ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.942. சுமார் 6 சதவீதம் குறைவு. 0.010 அங்குல மேல் இ கம்பிக்கு ஃபெண்டரில் ஏறக்குறைய 7.35 கிலோ இழுவை; கிப்சனில் 6.9 கிலோ. ஆறு கம்பியிலும் சேர்த்துப் பார்த்தால் விரல் நன்றாகவே உணரும்.

"கிப்சன் பெண்ட் செய்ய (கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்ற) மிருதுவாக இருக்கிறது" என்பதற்குப் பின்னால் இருப்பது இந்த எண். ஃபெண்டரில் 10 செட் (0.010 அங்குலத்தில் தொடங்கும் கம்பித் தொகுப்பு) பழகியவர் கிப்சனில் 10.5 போட்டால் அதே இழுவைக்குக் கொஞ்சம் மேலேயே வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இரண்டிலும் ஒரே செட் போட்டுவிட்டு மரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அர்த்தமில்லாத வேலை.

பிப்ரவரி 5

24.75 என்பது பெயரளவு எண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். கிப்சன் கிட்டாரை அளந்தால் காலத்தைப் பொறுத்து 24 9/16 முதல் 24 5/8 வரைதான் பெரும்பாலும் வரும். 24 5/8 என்று எடுத்துக்கொண்டால் இழுவை வித்தியாசம் 6.7 சதவீதம் ஆகிறது. வாதம் மாறவில்லை, வலுக்கிறது.

அளக்கும் முறை: நட்டின் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளத் துண்டின்) முன் விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். பிரிட்ஜ்வரை அளந்தால் சுருதி ஈடுகட்ட நகர்த்திய தூரமும் சேர்ந்துகொள்ளும். நெக் மாற்றப் போகிறவர்கள் இந்த அளவை எடுக்காமல் வாங்கவே வேண்டாம்.

பிப்ரவரி 7

பிக்கப். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஸ்ட்ராட் பிக்கப்: ஆறு காந்தத் தண்டு, சுற்றிலும் 42 கேஜ் செப்புக் கம்பி, பொதுவாக 5.6 முதல் 6.2 கிலோ ஓம். காந்தமே கம்பிக்கு அடியில் நிற்பதால் ஒலியின் நுனி கூர்மையாக இருக்கும். டெலிகாஸ்டரின் (பிராட்காஸ்டரின் பிற்காலப் பெயர்) பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் செப்புப் பூச்சு எஃகுத் தகடு உண்டு. அது காந்தப்புலத்தை மாற்றி, நடு அலைவரிசைக்கு ஒரு கடிப்புக் கொடுக்கும். அந்தத் தகடு கழன்று ஆடினால் பிக்கப் அலறும். மெழுகில் முக்கிச் சரிசெய்யலாம்.

கிப்சனின் பி-90: சுமார் 10,000 சுற்று, அடியில் இரண்டு பட்டைக் காந்தம், கம்பிக்குக் கீழே எஃகுத் திருகுகள். அகலமான காயில், தடித்த நடு ஒலி. 1952இன் லெஸ் பாலில் இருந்தது இதுதான். கிப்சனின் பொறியாளர் செத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1957இல் கிட்டார்களில் ஏறியது. இரண்டு காயில், ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 சுற்று. சுற்றும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் மின்சார இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் சிக்னல் மட்டும் கூடிக்கொள்ளும். அதோடு அகலமான பரப்பில் கம்பியைக் கேட்பதால் உச்ச ஓசைகள் கொஞ்சம் குறையும். இரைச்சல் போனதும் உச்சம் குறைந்ததும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கம். ஒன்றை வேண்டி மற்றதை வேண்டாமென்று சொல்ல முடியாது.

இரண்டு நிறுவனங்களிலும் பாட் மதிப்பு வேறு வேறாக இருப்பதும் இதனால்தான். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. பாட் குறைந்தால் பிக்கப்பின் மேல் சுமை கூடி உச்ச ஓசையின் மேடு தட்டையாகும். ஹம்பக்கரில் ஏற்கெனவே உச்சம் குறைவு என்பதால் அதை அமுக்காமல் விட 500. 1970களின் நடுவிலிருந்து கிப்சன் சில காலம் வால்யூமுக்கு 300, டோனுக்கு 100 போட்டது. அந்தக் காலத்து லெஸ் பால் மந்தமாகக் கேட்கிறது என்றால், பிக்கப்பை மாற்றும் முன் பாட்டைப் பாருங்கள். நான்கையும் 500 ஆக்கினாலே பாதிப் புகார் தீரும்.

பிப்ரவரி 7, பிற்பகல்

மீட்டர் வைத்து "என் பிக்கப் 5.8தான் காட்டுகிறது, குறைச்சல்" என்று எழுதுகிறவர்களுக்கு: ஜாக்கில் அளந்தால் வால்யூம் பாட் இணையாகச் சேர்ந்துகொள்ளும். 6 கிலோ ஓம் பிக்கப், 250 பாட்: 5.86 காட்டும். 8 கிலோ ஓம் பிக்கப், 500 பாட்: 7.87. வால்யூமை முழுதாகத் திறந்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணே வேறு. இன்னொன்று, ஓம் கூடினால் ஒலி கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 43 கேஜ் மெல்லிய கம்பி சுற்றினால் சுற்றுக் குறைந்தும் ஓம் ஏறும். டெலிகாஸ்டர் நெக் பிக்கப் அப்படித்தான்.

பிப்ரவரி 8

டோன் கபாசிட்டர் கேட்டிருந்தார்கள். பழைய ஸ்ட்ராட் 0.1 மைக்ரோ ஃபாரட், பிறகு 0.05, இப்போது பெரும்பாலும் 0.022. கிப்சன் 0.022. மதிப்பு ஏற ஏற, டோனைக் குறைக்கும்போது அதிகம் வெட்டும். முழுதும் திறந்து வாசிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறையக் கேட்காது.

கிப்சனில் கேட்கும்படியாக மாறுவது ஒயரிங். டோன் இணைப்பு வால்யூம் பாட்டின் உள்வரும் முனையில் இருந்தால் நவீன முறை. நடு முனையில், அதாவது வெளியேறும் முனையில் இருந்தால் 50களின் முறை. பின்னதில் வால்யூமை 7க்கு இறக்கினாலும் உச்ச ஓசை மங்காது. பதிலுக்கு, டோனைத் திருப்பினால் வால்யூமும் கொஞ்சம் ஆடும். ஒரே ஒயரை ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு மாற்றிச் சால்டர் வைத்தால் போதும்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவருக்கு நேராக: கிப்சன் கைவினை என்கிறீர்கள். அந்தக் கைவினையின் பலவீனமான இடம் ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி). விழுந்தால் உடையும் இடம் அது.

காரணம் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று. ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது. நெக் முழுதும் ஒரே மகாகனித் துண்டில் வெட்டுவதால், மரத்தின் நார் நெக்கில் நேராக ஓடிச் சாய்வு தொடங்கும் இடத்தில் குறுக்காக அறுந்துபோகிறது. அங்கே நாரின் நீளம் மிகக் குறைவு. அந்த மெல்லிய இடத்திலேயே டிரஸ் ராடின் (நெக்குக்குள் இருந்து வளைவைத் திருத்தும் உலோகத் தண்டின்) முறுக்கு நட்டுக்குப் பள்ளமும் தோண்டப்பட்டிருக்கிறது. கிட்டார் மல்லாந்து விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம்; கம்பிகளின் இழுவையும் அந்த இடத்தையே வளைத்துக்கொண்டிருக்கும். கேஸுக்குள் இருக்கும்போதே விழுந்து உடைவதும் இதனால்தான்.

ஃபெண்டர் ஹெட்ஸ்டாக் சாயவே இல்லை; நெக்கின் தளத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மேப்பிளின் நார் முனைவரை ஓடுகிறது. அதனால் அதை உடைப்பது கஷ்டம்.

உடைந்துவிட்டால் செய்ய வேண்டியது. உடனே எல்லாக் கம்பியையும் தளர்த்துங்கள். விரிசலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், நார் நசுங்கிவிடும். உதிர்ந்த சிம்புகளை எடுத்து வையுங்கள். சயனோ வகை உடனடிப் பசையை மட்டும் ஊற்ற வேண்டாம். அது மரத்துக்குள் ஊறி இறுகிவிட்டால் நல்ல பசை பின்னால் பிடிக்காது. டிரஸ் ராட் மூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, மரையில் மெழுகு தடவுங்கள். பசை உள்ளே போய் ராடை ஒட்டிவிடக் கூடாது. முதலில் பசை இல்லாமலே கிளாம்ப் போட்டு ஒத்திகை பாருங்கள். விளிம்புகள் கோடு தெரியாமல் மூடுகின்றனவா? மூடினால் மரவேலைக்கான மஞ்சள் பசையோ சூடான தோல் பசையோ எடுத்து, மெல்லிய தகட்டால் விரிசலின் அடிவரை செலுத்துங்கள். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, நாலைந்து தடவை செய்தால் பசை உள்ளே உறிஞ்சப்படும். நெக்கின் வளைவுக்கு வெட்டிய மரத்துண்டு, நடுவில் மெழுகுக் காகிதம், மேலே கிளாம்ப். வழிந்ததை ஈரத் துணியால் துடையுங்கள். ஒரு முழு நாள் கிளாம்பில் இருக்கட்டும். கம்பி போட இன்னும் சில நாள் பொறுங்கள்.

நீளமான, சுத்தமான விரிசல் இப்படி ஒட்டினால் பழைய மரத்தைவிட வலுவாக நிற்கும். குறுகிய விரிசல், அல்லது ஏற்கெனவே ஒருமுறை ஒட்டி மறுபடி திறந்துகொண்டது என்றால் பசை மட்டும் போதாது. இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி, நார் நீளவாக்கில் ஓடும் மரப்பட்டை பதிக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதுதான் நல்லது.

பிப்ரவரி 12

இதில் வருத்தமான விஷயம், தீர்வு கிப்சனிடமே இருந்தது. 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். 1970 வாக்கில் நட்டுக்குப் பின்னால் மரத்தைத் தடிப்பாக விட்டு ஒரு புடைப்பு வைத்தார்கள்; மூன்று துண்டு சேர்த்த நெக்கும் வந்தது. மூன்றும் பலம் சேர்க்கிறவை. நார்லின் நிறுவனத்தின் கீழ் இருந்த அந்தக் காலத்தை ரசிகர்கள் ஒதுக்கினார்கள். "50களின் மாதிரி இல்லை" என்ற புகார். 1980களின் தொடக்கத்தில் புடைப்பு போய்விட்டது. பார்வைக்குப் பழைய வடிவம் திரும்பியது, உடைப்பும் திரும்பியது.

பிப்ரவரி 12, இரவு

கிப்சனில் ஜி கம்பி சுருதி நிற்காதது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். டியூனரை (சுருதி முறுக்கியை) குறை சொல்லாதீர்கள். பக்கத்துக்கு மூன்று டியூனர் என்பதால் டி, ஜி இரண்டும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புகின்றன. கீழ்நோக்கியும் 17 டிகிரி. நட் பள்ளத்தின் சுவரில் கம்பி உரசி மாட்டிக்கொள்ளும். டியூன் செய்யும்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி தாவினால் அதுதான் அறிகுறி. பள்ளத்தைக் கம்பியின் தடிப்பைவிட 0.002 முதல் 0.003 அங்குலம் அகலமாக அரத்தால் தேயுங்கள். அடித்தளம் டியூனரை நோக்கிச் சரிய வேண்டும். கம்பி கடைசியாகத் தொடும் புள்ளி ஃப்ரெட்போர்டுப் பக்கத்து விளிம்பாக இருக்க வேண்டும். பிறகு பென்சில் கரி. ஆழம் கூடிவிட்டால் காலிக் கம்பி முதல் ஃப்ரெட்டில் அடிக்கும், ஆகவே பக்கச் சுவரை மட்டும் தேயுங்கள்.

பிப்ரவரி 15

ஃபெண்டரை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அதன் குறைகள்.

பழைய ஃபெண்டர் ஃப்ரெட்போர்டின் வளைவு 7.25 அங்குல ஆரம். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் செய்யும்போது கம்பி வளைவின் முதுகை நோக்கி ஏறி, அடுத்த ஃப்ரெட்டில் இடித்து ஒலி அறுந்துவிடும். ஆக்‌ஷனைத் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரத்தை) தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. (17ஆம் ஃப்ரெட்டில் அளந்து), ரிலீஃப் (நெக்கின் முன்வளைவு) 0.012 அங்குலம் என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதற்குக் கீழே இறக்க ஆசைப்பட்டால் ஃப்ரெட்டுகளை மேற்பகுதியில் சற்றுத் தேய்த்து ஆரத்தைத் தட்டையாக்க வேண்டும். புதியவற்றில் 9.5 அங்குலம். கிப்சனில் 12, அங்கே 12ஆம் ஃப்ரெட்டில் 2 மி.மீ., 1.2 மி.மீ. தாராளமாக நிற்கும்.

பழைய நெக்கில் டிரஸ் ராட் திருகு அடிப்பக்கத்தில் இருக்கிறது. திருப்ப நெக்கைக் கழற்ற வேண்டும், திருப்பி மாட்ட வேண்டும், பார்க்க வேண்டும், மறுபடி கழற்ற வேண்டும். எளிதில் பிரிக்க வேண்டும் என்று நினைத்தவர் வடிவமைப்பில் இந்த ஒன்று எனக்குப் பொருந்தவே இல்லை. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

ட்ரெமலோ (ஸ்ட்ராட்டில் சுருதியை ஆட்டும் அசையும் பிரிட்ஜ்): ஆறு திருகுகளையும் ஒரே மட்டத்தில் முறுக்கினால் தகடு ஆறிலும் உரசும், சுருதி திரும்பாது. வெளி இரண்டு மட்டும் சுமையைத் தாங்கட்டும். நடு நான்கையும் அரைச் சுற்று உயர்த்துங்கள். தகட்டின் பின்விளிம்பு உடம்பிலிருந்து 3.2 மி.மீ. உயர்ந்து மிதக்கும்படி ஸ்பிரிங் பிடியைச் சரிசெய்யுங்கள்.

ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டரும் (1958) ஜாகுவாரும் (1962) இன்னும் தனி. அவை தடித்த கம்பிக்காக வடிவமைக்கப்பட்டவை. 9 செட் போட்டால் பிரிட்ஜின் மேல் இறங்கும் கோணம் போதாமல் கம்பி பள்ளத்திலிருந்து தாவும், இரையும். 11 செட் போடுங்கள், அல்லது நெக் பள்ளத்தில் ஆப்பு வடிவ ஷிம் (மெல்லிய அடைத் துண்டு) வைத்துக் கோணத்தை ஏற்றுங்கள். ஷிம் பள்ளத்தின் முழு நீளத்துக்கும் இருக்கட்டும். முனையில் மட்டும் அட்டை வைத்தால் நடுவில் வெற்றிடம் நிற்கும்.

பிப்ரவரி 18

கிரெட்ச் "பார்வைக்கு மட்டும்" இல்லை. ரே பட்ஸ் வடிவமைத்த ஃபில்டர்ட்ரான், கிப்சன் ஹம்பக்கர் வந்த அதே காலத்தில் வந்த இன்னொரு ஹம்பக்கர். காயில் ஒடுக்கம், சுற்றுக் குறைவு, சுமார் 4 கிலோ ஓம், பெரிய காந்தம். இரைச்சல் போகிறது, உச்ச ஓசை நிற்கிறது. கிப்சன் விட்டுக்கொடுத்த இடத்தில் கிரெட்ச் விட்டுக்கொடுக்கவில்லை, பதிலாக வலுவைக் குறைத்துக்கொண்டது. ஆம்ப்ளிஃபயரை முறுக்க வேண்டியிருக்கும்.

பழைய கிரெட்ச் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு. ஓரத்து பைண்டிங் (விளிம்புப் பட்டை): பழைய செல்லுலாய்டு சிதைந்தால் பொடியாக உதிரும், அமில வாயு விட்டுப் பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். மூடிய கேஸுக்குள் வைத்தால் வேகமாகும். அந்தப் பகுதியை முழுதாக எடுத்துப் புதுசு போடுவதைத் தவிர வழியில்லை. அடுத்து நெக் மூட்டு: நெக் ஒட்டுத்தான் என்றாலும் அடியில் ஒரு திருகும் உண்டு, மேலே மூடி. பசை விட்டு நெக் முன்னால் சாய்ந்திருந்தால் பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் ஆக்‌ஷன் உயர்ந்தே இருக்கும். கேள்வி கேட்டவர் சொன்ன பசை மூட்டின் மறுபக்கம் இதுதான்: கெட்டுப்போனால் நீராவி வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பிரிட்ஜ் ஒட்டாமல் மிதக்கும் மாதிரிகளில் கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்து இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவது) போய்விடும். காகித டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டால் நிம்மதி.

பிப்ரவரி 18, சற்றுப் பிறகு

கிரெட்சும் ஃபெண்டரும் மோதிக்கொண்ட கதையையும் கேட்டார்கள். கிரெட்ச் ஏற்கெனவே டிரம்களுக்கு "பிராட்காஸ்டர்" என்ற பெயரைக் கொஞ்சம் வேறு எழுத்தில் வைத்திருந்தது. 1951இல் ஆட்சேபம் வந்ததும் ஃபெண்டர் தன் கிட்டாரின் பெயரை டெலிகாஸ்டர் ஆக்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஹெட்ஸ்டாக்கில் மாடல் பெயரைக் கத்தரித்துவிட்டே அனுப்பினார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றை "நோகாஸ்டர்" என்கிறார்கள். பிற்காலத்தில் கிரெட்ச் கிட்டார்களைத் தயாரித்து விற்கும் பொறுப்பு ஃபெண்டரிடமே வந்தது.

பிப்ரவரி 21

ரிக்கன்பேக்கர். மின்காந்தப் பிக்கப் வைத்த கிட்டாரை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். 1932இன் அலுமினிய "வாணலி" ஸ்டீல் கிட்டார். இந்த வரிசையில் இவர்களை அழகுப் பொருளாகத் தள்ளுவது வரலாற்றுக்கே பொருந்தாது.

வாங்கியவர்கள் செய்யும் பெரிய சேதம் டிரஸ் ராடில். இரண்டு ராட் உண்டு. 1980களின் நடுவுக்கு முந்தியவற்றில் ராட் மடித்த கம்பி வடிவம். அது நெக்கைத் தள்ளித் திருத்தாது, திருத்திய நிலையில் பிடித்து வைக்க மட்டுமே செய்யும். நட்டை முறுக்கியே நேராக்கப் பார்த்தால் ஹெட்ஸ்டாக் பக்கம் ஃப்ரெட்போர்டு பெயர்ந்து வரும். சரியான முறை: கம்பியைத் தளர்த்தி, இரண்டு நட்டையும் தளர்த்தி, நெக்கைக் கையால் (அல்லது கிளாம்பால் மெதுவாக) வேண்டிய நிலைக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு இரண்டு நட்டையும் சமமாக இறுக்குங்கள். விட்டுப் பாருங்கள், மறுபடி. புதியவற்றை மற்றக் கிட்டார் போல நட்டாலேயே திருத்தலாம்.

ஃப்ரெட்போர்டிலும் வார்னிஷ் பூசியிருப்பார்கள். எலுமிச்சை எண்ணெய் தடவ வேண்டாம், அங்கே ஊற மரமே இல்லை. 12 கம்பி மாடலில் இன்னொரு நுட்பம்: கீழ்நோக்கி அடிக்கும்போது தடித்த கம்பி முதலில், ஆக்டேவ் கம்பி பின்னால். மற்ற 12 கம்பிக் கிட்டார்களில் பெரும்பாலும் தலைகீழ். அந்த மணியோசைக்கு இந்த வரிசையும் ஒரு காரணம். குறை: நட் அகலம் 41 மி.மீ.தான், பெரிய விரலுக்கு நெருக்கம்.

பிப்ரவரி 24

நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துத் தரம் பேசுகிறவர்களுக்கு: அந்தப் பெயரின் பின்னால் யார் இருந்தார்கள் என்பது மாறிக்கொண்டே இருந்தது. ஃபெண்டரை 1965இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது, 1985இல் ஊழியர் குழு மீட்டது. கிரெட்ச் 1967இல் பால்ட்வின் கைக்குப் போனது. எபிஃபோனை 1957இல் கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கி, கலமசூவிலேயே தயாரித்தது. அந்தக் காலத்து எபிஃபோனும் கிப்சனும் ஒரே ஆலைச் சரக்கு. கலமசூ ஆலை 1984இல் மூடியது. அங்கே இருந்தவர்கள் ஹெரிடேஜ் என்று தொடங்கினார்கள்.

ஆனால் "சிபிஎஸ் காலம் என்றாலே குப்பை" என்பதையும் ஏற்க மாட்டேன். 1971இல் வந்த மூன்று திருகு நெக்கைத் திட்டுகிறார்கள். அதோடு வந்த சாய்வுத் திருகு நல்ல யோசனை: ஷிம் இல்லாமலே நெக் கோணத்தை மாற்றலாம். பள்ளத்தைத் தளர்வாக வெட்டியதால்தான் நெக் பக்கவாட்டில் ஆடியது. பள்ளம் இறுக்கமாக இருக்கும் மூன்று திருகு ஸ்ட்ராட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரஸ் ராட் திருகும் அந்த ஆண்டில்தான் ஹெட்ஸ்டாக் பக்கம் வந்தது, மேலே நான் சொன்ன தலைவலி தீர்ந்தது. ஐந்து நிலை சுவிட்ச் 1977இல். அதுவரை வாசிப்பவர்கள் மூன்று நிலை சுவிட்சை நடுவில் சிக்கவைத்து, இரண்டு பிக்கப் சேர்ந்த ஒலியை எடுத்தார்கள்.

பிப்ரவரி 25

வயது கண்டுபிடிக்க பாட் எண். 1376543 என்று இருந்தால்: 137 சிடிஎஸ் நிறுவனம், 65 ஆண்டு, 43 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். கிட்டார் இதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதற்குத்தான் இது சான்று. பாட்டுகள் ஆலையில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம், சால்டர் மாறியிருந்தால் சான்றே இல்லை. பழைய ஃபெண்டரில் நெக்கின் அடியில் எழுதிய தேதியையும் பாருங்கள்; சீரியல் எண்ணைவிட அது நம்பகம்.

கிப்சனில் 1977 முதல் 2005 வரை எட்டு இலக்கம்: முதலும் ஐந்தாவதும் ஆண்டு, இடையில் மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி மூன்று வரிசை. 91235501 என்றால் 1995இன் 123ஆவது நாள். 1994இல் மட்டும் பல எண்கள் 94 என்றே தொடங்கும், அங்கே இந்த முறை செல்லாது. 1960களில் ஒரே எண் பல கிட்டார்களில் திரும்ப வந்திருப்பதால் எண்ணை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 28

கேள்வி கேட்டவர், "அப்படியானால் பழையது ஒன்று வாங்கினால் எதை முதலில் பார்ப்பது" என்று கேட்டிருக்கிறார். நிறுவனத்துக்கு ஒன்று வீதம் சொல்கிறேன். கிப்சன்: நட்டுக்குப் பின்னால் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூச்சுக்குக் கீழே மயிரிழைக் கோடு தெரிகிறதா பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தால் ஒட்டு வேலையை மறைத்திருக்கிறார்கள். ஃபெண்டர்: நெக்கைக் கழற்ற அனுமதி கேளுங்கள், தேதி, ஷிம், துளைகள் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். கிரெட்ச்: பைண்டிங்கை விரல் நகத்தால் மெதுவாகத் தொடுங்கள், பிரிட்ஜ் ஏற்கெனவே முழுதும் இறங்கியிருக்கிறதா பாருங்கள். ரிக்கன்பேக்கர்: முதல் ஃப்ரெட் பக்கம் ஃப்ரெட்போர்டுக்கும் நெக்குக்கும் இடையே காகிதம் நுழைகிறதா.

வாங்கிய பிறகு: பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு ரப்பர் அல்லது வினைல் போட்ட ஸ்டாண்டோடு வேதிவினை புரிந்து இளகும். சுத்தமான பருத்தித் துணியை நடுவில் சுற்றி வையுங்கள், அல்லது கேஸிலேயே வையுங்கள்.